அளவு மாதிரித் தறையாணிகளும் போல்ட்டுகளும்

அளவு மாதிரித் தறையாணிகளும் போல்ட்டுகளும் என்பன நீராவி எஞ்சின், பாலம், கப்பல், வானூர்தி முதலியவற்றின் சிறிய மாதிரிகளில், மூலப்பொருளின் ஆணி இணைப்புகளைக் காட்டுவதற்காகச் செய்யப்படும் நுண்ணிய உறுப்புகள் ஆகும். இவற்றுட் சில உண்மையாகவே இரு தகடுகளைப் பிணைக்கின்றன. பெரும்பாலானவை ஆணித்தலையின் தோற்றத்தை மட்டுமே தருகின்றன. மூலப்பொருள் எந்தக் காலத்தில், எம்முறையில் இணைக்கப்பட்டது என்பதை ஆணித்தலைகளின் வரிசை தெரிவிப்பதால், அவற்றின் அளவும் எண்ணிக்கையும் இடமும் மாதிரியின் நம்பகத்தன்மையைத் தீர்மானிக்கின்றன.

மூலப்பொருளில் ஆணிகளின் பணி

தறையாணி (ரிவெட்) என்பது ஒருபுறம் தலையுடைய உலோகத் தண்டு ஆகும். பெரிய எஃகுக் கட்டுமானங்களில் இது செஞ்சூடாக்கப்பட்டுத் துளையில் செருகப்படும். பின்னர் மறுமுனை அடித்துத் தட்டையாக்கப்பட்டு இரண்டாவது தலை உருவாக்கப்படும். ஆணி குளிரும்போது சுருங்குவதால் தகடுகள் ஒன்றோடொன்று இறுகுகின்றன. இதனைக் கழற்ற வேண்டுமெனில் தலையை வெட்டியே எடுக்கவேண்டும். போல்ட்டு என்பது மரை வெட்டப்பட்ட தண்டு. நட்டினால் முடுக்கப்படும் இதனைத் தேவைப்படும்போது கழற்றலாம். ஆகவே நீராவி எஞ்சினில் நிலையான தகடுகளில் தறையாணியும், பழுதுபார்ப்புக்காகத் திறக்கவேண்டிய மூடிகளில் போல்ட்டும் காணப்படுகின்றன. மாதிரி செய்பவர் இவ்விரண்டையும் மாற்றி அமைத்தால் அவ்வுறுப்பின் பணியே தவறாகக் காட்டப்படும்.

அளவுக் கணக்கு

இந்தியத் தரம் ஐ.எஸ். 1929-இன்படி உருண்டைத் தலைத் தறையாணியின் தலை விட்டம் தண்டின் விட்டத்தைப் போல் 1.6 மடங்கும், தலை உயரம் 0.7 மடங்கும் ஆகும். 20 மி.மீ. தண்டுடைய ஆணியின் தலை 32 மி.மீ. அகலமும் 14 மி.மீ. உயரமும் கொண்டிருக்கும். ஆணிகளின் இடைத்தூரம் 60 மி.மீ. எனக் கொண்டால், மாதிரியில் அமையும் அளவுகள் பின்வருமாறு (மி.மீ.):

| அளவு விகிதம் | தலை விட்டம் | தலை உயரம் | இடைத்தூரம் |
|---|---|---|---|
| 1:12 | 2.67 | 1.17 | 5.00 |
| 1:32 | 1.00 | 0.44 | 1.88 |
| 1:48 | 0.67 | 0.29 | 1.25 |
| 1:87 | 0.37 | 0.16 | 0.69 |

மூலப்பொருளின் வரைபடம் கிடைக்காதபோது, தகட்டின் தடிப்பிலிருந்து ஆணியின் அளவை ஊகிக்கலாம். இதற்கு அன்வின் வாய்பாடு பயன்படுகிறது. அதன்படி ஆணியின் விட்டம், மி.மீ.-இல் அளந்த தகட்டுத் தடிப்பின் வர்க்கமூலத்தைப் போல் 6 மடங்கு ஆகும். எடுத்துக்காட்டாக, 10 மி.மீ. தகட்டுக்கு ஏறத்தாழ 19 மி.மீ. கிடைக்கும். வழக்கிலுள்ள அளவுகளில் அதற்கு அடுத்தது 20 மி.மீ. ஆகும்.

1:87 மாதிரியில் ஆணித்தலையின் உயரம் மிகக் குறைவாதலால், வண்ணப் பூச்சுகள் பல இட்டால் தலைகள் மறைந்துவிடும். இதனால் சிலர் தலையைச் சற்றுப் பெரிதாகச் செய்வர். வேறு சிலர் அளவை மாற்றாமல் பூச்சை மெல்லியதாக இடுவர்.

வலிமையும் தோற்றமும்

நீளம் பத்தில் ஒன்றாகக் குறையும்போது ஆணியின் குறுக்குவெட்டுப் பரப்பு நூற்றில் ஒன்றாகவும், பொருளின் எடை ஆயிரத்தில் ஒன்றாகவும் குறைகின்றன. எனவே மாதிரியின் எடையைத் தாங்க மூலத்தில் உள்ள அத்தனை ஆணிகளும் தேவைப்படுவதில்லை. சில ஆணிகளோ பற்றாசோ பசையோ போதுமானவை. உண்மையில் நீராவியால் ஓடும் மாதிரி எஞ்சின்களிலும் செப்புக் கொதிகலன் பெரும்பாலும் வெள்ளிப் பற்றாசால் இணைக்கப்படுகிறது. அதன் வெளியுறையில் தெரியும் ஆணித்தலைகள் பல தோற்றத்திற்காக வைக்கப்படுபவை.

செய்முறைகள்

தறையாணிகள்

* புடைப்பு முறை: ஏறத்தாழ 0.25 மி.மீ. தடிப்புள்ள பித்தளைத் தகட்டின் பின்புறத்தில் ஊசிமுனையால் அழுத்தி முன்புறத்தில் மேடு எழுப்பப்படுகிறது. ஒவ்வோர் ஆணிக்கும் தகட்டைச் சம தூரம் நகர்த்தும் கருவிகளும் உள்ளன. உலோகம் நீள்வதால் தகடு வளையக்கூடும். ஆகவே ஆணி வரிசைகளை முடித்த பின்னரே தகட்டை உரிய வடிவத்திற்கு வெட்டுதல் நலம்.
* வில்லை முறை: மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் துளைக் கருவியால் வட்ட வில்லைகள் வெட்டி எடுக்கப்படும். அவை சாமணத்தால் எடுத்து ஒட்டப்படும். பிளாஸ்டிக் கம்பியைச் சீவியும் இவ்வில்லைகளைப் பெறலாம்.
* ஒட்டுப்படலம்: பிசின் புள்ளிகள் வரிசையாக அமைந்த படலம் நீரில் நனைத்து ஒட்டப்படுகிறது. வளைந்த பரப்புகளுக்கு இது ஏற்றது.
* முப்பரிமாண அச்சு: ஒளியால் இறுகும் பிசினைக் கொண்டு ஆணித்தலைகளுடன் கூடிய உறுப்பு முழுவதும் ஒரே முறையில் அச்சிடப்படுகிறது. இறுகாத பிசின் தோலுக்கு ஊறு விளைவிப்பதால் கையுறை அணியவேண்டும்.
* உண்மைத் தறையாணி: 1:12 போன்ற பெரிய மாதிரிகளில் செப்பு ஆணிகள் குளிர்ந்த நிலையிலேயே அடிக்கப்படுகின்றன. தலை நசுங்காதிருக்க அது குழிவான அச்சின்மேல் வைக்கப்படும். அடிபட்டுக் கடினமாகும் செம்பு, செஞ்சூடாக்கப்பட்டு மீண்டும் மென்மையாக்கப்படுகிறது.

போல்ட்டுகள்

அறுகோணப் பித்தளை அல்லது எஃகுக் கம்பியைக் கடைசல் எந்திரத்தில் (லேத்து) பொருத்தி, தண்டுப் பகுதியைக் கடைந்து, டை கொண்டு மரை வெட்டி, தலையை அளவாக நறுக்கி எடுப்பது வழக்கமான முறையாகும். 1884-இல் வகுக்கப்பட்ட பி.ஏ. மரை வரிசை மாதிரிப் பணிகளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இதில் எண் கூடக் கூட விட்டம் குறையும். 10 பி.ஏ. 1.7 மி.மீ., 12 பி.ஏ. 1.3 மி.மீ., 14 பி.ஏ. 1.0 மி.மீ. விட்டம் உடையவை. 0.3 முதல் 1.4 மி.மீ. வரையுள்ள நுண் மரைகளுக்கு ஐ.எஸ்.ஓ. 1501 என்னும் பன்னாட்டுத் தரம் உள்ளது.

20 மி.மீ. போல்ட்டின் தலை எதிர்ப்பக்கங்களுக்கிடையே 30 மி.மீ. அகலமுடையது. 1:12 மாதிரியில் தண்டு 1.67 மி.மீ., தலை 2.5 மி.மீ. ஆகும். 10 பி.ஏ. போல்ட்டின் தண்டு இதற்குப் பொருந்தினாலும் அதன் வழக்கமான தலை ஏறத்தாழ 3 மி.மீ. இருப்பதால் பெரிதாகத் தோன்றும். இதற்காக ஒரு படி சிறிய தலையுடைய போல்ட்டுகள் தனியே செய்யப்படுகின்றன. 1:87 மாதிரியில் இதே போல்ட்டின் மரை இடைவெளி 0.03 மி.மீ. அளவே இருக்கும் என்பதால், மரையின்றித் தலை மட்டும் செய்யப்படுகிறது.

தமிழகத்தில் மூலப்பொருள்கள்

ஆணி எங்கு வேண்டும், எங்கு வேண்டாம் என்பதற்குத் தமிழகத்தில் நல்ல எடுத்துக்காட்டுகள் உள்ளன.

* பாம்பன் பாலம்: 1914-இல் திறக்கப்பட்ட பழைய தொடர்வண்டிப் பாலத்தின் தூக்கு இடைவெளி தறையாணிகளால் இணைக்கப்பட்டது. 2022 திசம்பரில் இதன்மீது தொடர்வண்டிகள் ஓடுவது நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலம் பற்றவைப்பு இணைப்புகளைக் கொண்டது. பழைய பாலத்தின் மாதிரியில் ஆணி வரிசைகள் இன்றியமையாதவை. புதியதன் மாதிரியில் அவற்றை அவ்வாறே இட்டால் பிழையாகும்.
* பெரம்பூர்ப் பெட்டிகள்: 1955-இல் தொடங்கப்பட்ட பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, சுவிட்சர்லாந்து வடிவமைப்பைத் தழுவி, பற்றவைக்கப்பட்ட எஃகுக் கூடுடைய பெட்டிகளை 2018 வரை தயாரித்தது. இவற்றின் பக்கச் சுவர்களில் தறையாணி வரிசைகளை இடுவது, முந்தைய காலப் பெட்டிகளோடு இவற்றை மயக்குவதாகும்.
* மசூலாப் படகும் கட்டுமரமும்: கேளம்பாக்கத்தை அடுத்த கோவளம் உள்ளிட்ட சோழமண்டலக் கரையில் கட்டுமரம் வழங்கி வந்தது. இதன் மரங்கள் கயிற்றால் பிணைக்கப்பட்டவை. இக்கரைக்கே உரிய மசூலாப் படகின் பலகைகள் இரும்பு ஆணியின்றித் தென்னை நார்க்கயிற்றால் தைக்கப்பட்டன. அலை மோதும்போது உடையாமல் நெகிழ்ந்து கொடுப்பதற்கு இத்தையல் உதவியது. இவற்றின் மாதிரிகளில் ஆணிக்குப் பதிலாக நூல் தையலே காட்டப்படவேண்டும்.

ஒப்பீடு

இணைப்பின் பணி நீங்கிய பின்னும் அதன் வடிவத்தை வேறு பொருளில் காட்டும் வழக்கம் பழமையானது. கேளம்பாக்கத்திற்குத் தெற்கே, மாமல்லபுரத்தில் பல்லவர் காலத்தில் பாறையில் குடைந்த ஐந்து இரதங்கள் மரக் கட்டடங்களின் உறுப்புகளைக் கல்லில் காட்டுகின்றன. திரௌபதி இரதத்தின் கூரை ஓலைக் குடிசையின் கூரையை ஒத்தது. ஒரே பாறையில் செதுக்கப்பட்டதால் இவற்றுக்கு இணைப்பு எதுவும் தேவையில்லை. எனினும் அழிந்துபோன மரக் கட்டடக் கலையை அறிய இவை சான்றாக விளங்குகின்றன.

கருத்து வேறுபாடு

மாதிரிக் கலைஞரிடையே மிகுந்த நுணுக்கம் பார்ப்போரை “ஆணி எண்ணுபவர்” எனக் கேலி செய்வதுண்டு. மாதிரியை ஓட்டி மகிழ்வதே நோக்கம் எனக் கருதுவோர் ஆணிகளின் எண்ணிக்கையைப் பொருட்படுத்துவதில்லை. மறுதரப்பினர், எஞ்சின்கள் உடைக்கப்பட்டு உருக்கப்பட்ட பின்னர் மாதிரியே அவற்றின் பதிவாக எஞ்சக்கூடும் என்பர். இரு தரப்பினருக்கும் பொதுவான ஒரு நடைமுறை உண்டு. எண்ணிக்கை உறுதியாகத் தெரியாத இடத்தில், மூலப்பொருளின் ஒளிப்படத்தைப் பார்த்து வரிசையின் தொடக்கம், முடிவு, மூலைகள் ஆகியவற்றை முதலில் குறித்துக்கொண்டு, இடைப்பட்ட தூரத்தைச் சமமாகப் பகுப்பர்.

இவற்றையும் பார்க்க

* தறையாணி
* பற்றவைப்பு
* கடைசல் எந்திரம்
* பாம்பன் பாலம்
* கட்டுமரம்