வரிக்கழிவின் வழியே அயலுறவு: 1950ஆம் ஆண்டுச் சவூதி எண்ணெய் உடன்பாடு

சவூதி அரேபியாவுடனான அமெரிக்க உறவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1945 பிப்ரவரி 14 அன்று குயின்சி என்னும் போர்க்கப்பலில் அதிபர் ரூஸ்வெல்ட்டும் மன்னர் அப்துல் அசீசும் நிகழ்த்திய சந்திப்பிலிருந்தே தொடங்குவர். எண்ணெய்க்கு ஈடாகப் பாதுகாப்பு என்னும் பரிமாற்றம் அங்கேதான் முடிவானது என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் அச்சந்திப்பைப் பற்றி வெளியான அதிகாரபூர்வக் குறிப்பு முதன்மையாகப் பாலத்தீனத்தையும் யூத அகதிகளையும் பற்றியே பேசுகிறது. அவ்வுறவின் பொருளியல் அடித்தளத்தை அறிய, 1950 டிசம்பர் 30 அன்று அராம்கோ நிறுவனத்திற்கும் சவூதி அரசுக்கும் இடையே ஏற்பட்ட இலாபப் பகிர்வு உடன்பாட்டையே நோக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

அமெரிக்க அரசு நேரடியாக எண்ணெய் உரிமையாளராக விரும்பிய காலமும் ஒன்றுண்டு. 1943இல் உள்துறைச் செயலர் ஹரால்டு இக்கீஸ், பெட்ரோலிய இருப்புக் கழகம் என்னும் அரசு அமைப்பின் வாயிலாகச் சவூதி எண்ணெய் உரிமத்தை வாங்க முயன்றார். நிறுவனங்கள் உடன்படவில்லை; முயற்சி அவ்வாண்டே கைவிடப்பட்டது. அதன்பின் அரசின் நோக்கங்கள் தனியார் நிறுவனத்தின் வழியாகவே நிறைவேற வேண்டியிருந்தது.

1933ஆம் ஆண்டு உரிம ஒப்பந்தத்தின்படி நிறுவனம் டன் ஒன்றுக்கு நான்கு தங்க ஷில்லிங் உரிமத்தொகை செலுத்தியது. சவூதி வரிகளிலிருந்து அதற்கு முழு விலக்கும் இருந்தது. போருக்குப் பின் உற்பத்தி பெருகியபோது, தம் அரசுக்குக் கிடைப்பதைவிட வாஷிங்டனுக்கு அராம்கோ செலுத்தும் வரி மிகுதி என்பதை நிதியமைச்சர் அப்துல்லா சுலைமான் நன்கறிந்திருந்தார். வெனிசுவேலா 1948இல் இலாபத்தில் சரிபாதி பெற்றிருந்தது முன்மாதிரியாயிற்று. 1950 நவம்பரிலும் டிசம்பரிலும் சவூதி அரேபியா வருமானவரி ஆணைகளைப் பிறப்பித்தது. வரிவிலக்கு உரிமையைச் சுட்டிக்காட்டி எதிர்த்திருக்கக்கூடிய நிறுவனம், அவ்வுரிமையைத் தானே விட்டுக்கொடுத்தது.

இந்தத் தாராளத்தின் காரணம் அமெரிக்க வரிச்சட்டத்தில் உள்ளது. உரிமத்தொகை என்பது செலவு. அது வரிக்குரிய வருமானத்தை மட்டுமே குறைக்கும். அயல்நாட்டில் செலுத்திய வருமானவரியோ, 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உள்நாட்டில் செலுத்த வேண்டிய வரியிலிருந்தே கழிக்கத்தக்கது. வரிவிகிதம் பாதி எனக் கொண்டால், நூறு டாலரை உரிமத்தொகையாகக் கொடுக்கும் நிறுவனத்திற்கு ஐம்பது டாலர் வரி குறையும். அதே நூறு டாலரை வருமானவரியாகக் கொடுத்தால் நூறும் குறையும். 1950இல் ஏறத்தாழ ஐந்து கோடி டாலராக இருந்த அராம்கோவின் அமெரிக்க வரி, அடுத்த ஆண்டில் அறுபது லட்சமாகச் சரிந்தது. ஏற்பாட்டின் சுமையைத் தாங்கியது நிறுவனமன்று, அமெரிக்கக் கருவூலம். இக்கழிவு செல்லுமென வரித்துறை முறைப்படி தீர்ப்பளித்ததோ 1955இல்தான்.

இதனை வகுத்தவர் யார்? 1974இல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான துணைக்குழு விசாரித்தபோது, 1950இல் வெளியுறவுத் துறையில் மத்தியக் கிழக்கிற்குப் பொறுப்பேற்றிருந்த ஜார்ஜ் மெக்கீ சாட்சியம் அளித்தார். நாடாளுமன்ற வாக்கெடுப்பு இன்றியே ஓர் அரசுக்கு உதவி வழங்கும் வழியாக வரிக்கழிவு பயன்பட்டதே அவ்விசாரணையின் மையக் கேள்வி. கொரியப் போரின் சூழலில், இஸ்ரேல் குறித்த கருத்து மாறுபாடு கூர்மையாக இருந்த நிலையில், வெளிப்படையான பெரும் நிதியுதவிக்கு ஒப்புதல் பெறுவது எளிதாக இருந்திராது. இவ்விளக்கம் வலுவானது, ஆயினும் வாஷிங்டனை மட்டுமே கருத்தாவாக்கி, பேரத்தைத் தொடங்கி நெருக்கிய ரியாத்தை வெறும் பெறுநராக்கிவிடுகிறது. கரக்காசில் உருவான வாய்பாட்டைத் தம் தேவைக்கேற்பக் கையாண்டவர்கள் சவூதி அதிகாரிகள் என்பதை மறத்தலாகாது.

உடன்பாட்டின் விளைவு வளைகுடாவின் மறுகரையில் உடனே தெரிந்தது. ஆங்கிலோ-ஈரானிய நிறுவனம் ஈரானுக்குச் செலுத்திய உரிமத்தொகையைவிடப் பிரிட்டிஷ் கருவூலத்திற்குச் செலுத்திய வரி மிகுதி. சரிபாதிப் பகிர்வுக்கு அந்நிறுவனம் இறங்கிவந்தபோது காலம் கடந்திருந்தது. 1951 மார்ச் 7 அன்று பிரதமர் ரஸ்மாரா கொல்லப்பட்டார். எட்டு நாள்களில் மஜ்லிஸ் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கியது. அதன் பின் மொசாதெக் பிரதமரானார்.

சரிபாதி என்பது சவூதி அரேபியாவில் ஒரு வெற்றி. ஈரானிலோ, உரிமை யாருடையது என்னும் கேள்விக்கு அது விடையாகவில்லை. வாஷிங்டன் இலாபத்தைப் பகிர இசைந்ததேயன்றி, உற்பத்தியின் கட்டுப்பாட்டை எண்ணெய் நாடுகளிடம் விட இசையவில்லை. 1953 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகளின் துணையோடு மொசாதெக் வீழ்த்தப்பட்டார். மறு ஆண்டில் அமைந்த கூட்டமைப்பில் அமெரிக்க நிறுவனங்கள் 40 விழுக்காடும், பழைய பிரிட்டிஷ் நிறுவனம் 40 விழுக்காடும், ஷெல் 14 விழுக்காடும், பிரெஞ்சு நிறுவனம் 6 விழுக்காடும் பெற்றன. ஈரானுக்கு வழங்கப்பட்டது அதே சரிபாதி இலாபம்.