கையெழுத்துக்கு முன்னால ஒரு பேச்சு

எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிற பசங்க யாரையாவது கேட்டுப் பாருங்க. "இன்னிக்கு ஐ.சி. இருக்கு"ன்னு ஒரு மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு சொல்வாங்க. களப்பணிக்குப் போய் வந்ததை ரெக்கார்டில் எழுதிக் கொண்டுபோய், வழிகாட்டும் ஆசிரியர் முன்னால தனியா உட்கார்ந்து பேசுற நேரம் அது. எந்தப் பேப்பர் எடுக்கலாம்னு ஆலோசனை சொல்றது சின்ன விஷயம். அந்த அம்மாகிட்ட நீ என்ன சொன்னே, ஏன் அப்படிச் சொன்னே, அப்போ உன் மனசுல என்ன ஓடுச்சுன்னு கேட்பாங்க பாருங்க, அதுதான் பெரிசு. இந்த வழக்கம் எங்கிருந்து வந்ததுன்னு தோண்டினப்போ நல்ல கதை ஒண்ணு சிக்கியது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க நகரங்களில் தர்ம சங்கங்கள் இருந்தன. வசதியான வீட்டுக்காரர்கள் தன்னார்வலர்களாக ஏழை வீடுகளுக்குப் போய் வருவார்கள். மனசு உண்டு, பயிற்சி கிடையாது. பலர் கொஞ்ச நாளில் நின்றும்விடுவார்கள். அவர்களைப் பழக்கி எடுக்கும் வேலை சங்கத்தின் சம்பள ஊழியர்கள் தலையில் விழுந்தது. நம்ம ஐ.சி.க்கு கொள்ளுப்பாட்டி இதுதான்.

பால்டிமோர் சங்கத்தில் 1889ல் உதவிப் பொருளாளராகச் சேர்ந்த மேரி ரிச்மண்ட், கல்லூரிப் படிப்பே இல்லாதவர். அவர்தான் 1897ல் டொரண்டோ மாநாட்டில், இந்த வேலைக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று பேசினார். அடுத்த வருடமே நியூயார்க்கில் ஆறு வாரக் கோடை வகுப்பு தொடங்கியது. இன்றைய கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளி அதிலிருந்து வளர்ந்ததுதான்.

எனக்குப் பிடித்தவர் பெர்த்தா ரெனால்ட்ஸ். 1942ல் வந்த தன் புத்தகத்தில், கற்பவர் கடக்கும் படிகளை வரிசைப்படுத்தினார். முதல் படியில் 'நான் எப்படித் தெரிகிறேன்' என்ற கூச்சம். அடுத்தது முங்குவதா நீந்துவதா என்ற தத்தளிப்பு. அப்புறம், நிலைமை புரியும், ஆனா கை வராது. அதற்குப் பிறகே வேலை வசப்படும். பிறருக்குச் சொல்லித்தருவது கடைசிப் படி. மாணவர் எந்தப் படியில் நிற்கிறார்னு தெரியாம அட்வைஸ் பண்ணி என்ன பிரயோஜனம், சொல்லுங்க?

இந்தியாவுக்கு இந்தப் படிப்பு 1936ல் வந்தது. பம்பாய் நாக்பாடாவில் வேலை செய்துவந்த அமெரிக்க மிஷனரி கிளிஃபோர்ட் மேன்ஷார்ட் முதல் இயக்குநர். டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று நாம் சொல்வது அதைத்தான். 1952ல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் சென்னையிலும் சமூகப்பணிப் பள்ளி வந்தது.

இப்போ ரெக்கார்டைப் புரட்டிக்கூடப் பார்க்காம கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வந்த கதைகளும் என் காதில் விழுது. கணக்குப் பாடத்தில் தப்பு பண்ணினா மார்க் போகும், அவ்வளவுதான். இங்கே 21 வயசுப் பையன் அவசரத்தில் சொல்ற ஒரு வார்த்தை, குடிகாரப் புருஷனோட மல்லுக்கட்டுற ஒரு பெண்ணின் வீட்டில் போய் விழும். அந்த வார்த்தைக்கு முன்னால ஒரு பெரியவர் நின்னு "கொஞ்சம் இருப்பா, யோசி"ன்னு சொல்லத்தான் ஐ.சி. அதை வெறும் கையெழுத்தா சுருக்கினா நஷ்டம் மாணவனுக்கு இல்லீங்க, அந்தப் பெண்ணுக்குத்தான்.