இடப்பெயரை இழந்த கம்பளி

இந்தியக் கம்பளியைப் பற்றிய மிகப் பழைய இலக்கியக் குறிப்புகளில் இடப்பெயரும் உடன் வருகிறது. ரிக் வேதம் காந்தாரத்துச் செம்மறியை அதன் அடர்ந்த உரோமத்துக்காகக் குறிப்பிடுகிறது. சிந்து ஆற்றையோ கம்பளி வளம் மிக்கது எனச் சிறப்பிக்கிறது. அர்த்தசாஸ்திரம் செம்மறிக் கம்பளங்களை நிறத்தாலும் வேலைப்பாட்டாலும் வகைப்படுத்துகிறது. ஆட்டின் உரோமத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. எந்த நிலத்து ஆடு, எப்பொழுது கத்தரித்த உரோமம் என்னும் இரு கேள்விகளும் இந்த மண்ணில் பழையவை. இன்று 'தடமறியத்தக்க நாட்டுக் கம்பளி' என்ற பெயரில் பின்னலாடைகள் விற்பனைக்கு வருகின்றன. அந்தத் தொடர் புதியது. அது மீட்க முயலும் வழக்கமோ நெடுங்காலம் இங்கே இருந்து, ஏறத்தாழ 150 ஆண்டுகளில் குலைந்துபோன ஒன்று.

தக்காணத்தில் அவ்வழக்கம் இயங்கிய விதத்தை இன்றும் ஓரளவு காணலாம். மகாராட்டிரத்தின் தனகர்களும் கர்நாடகத்தின் குருபர்களும் தெலங்கானாவின் குருமர்களும் தக்காணி என்னும் கரிய செம்மறி இனத்தைக் காத்து வந்தவர்கள். கத்தரித்த உரோமத்தை நூற்றவர்கள் பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்கள். குழித்தறியில் நெய்தவர் அதே ஊரினர் அல்லது அடுத்த ஊரினர். புளியங்கொட்டைப் பசை ஏற்றி முறுக்கேற்றப்பட்ட அக்கம்பளி கன்னடத்தில் கம்பளி, மராட்டியில் கோங்கடி, தெலுங்கில் கொங்கடி எனப்பட்டது. மழைக்கு மறைப்பாகவும் இரவுக்குப் படுக்கையாகவும் சடங்குக்கு விரிப்பாகவும் ஒரே கம்பளி பயன்பட்டது. அதன் மூலத்தைச் சொல்ல ஒரு சீட்டு தேவைப்படவில்லை. ஆட்டையும் ஆளையும் வாங்குபவர் அறிந்திருந்தார்.

19ஆம் நூற்றாண்டின் ஏற்றுமதி வணிகம் அந்த நேர்முகத் தொடர்பை அறுத்தது. மேற்கிந்தியாவிலிருந்து சென்ற கம்பளி லிவர்பூல் ஏலங்களில் 'ஜோரியா', 'விக்கனீர்' போன்ற பெயர்களில் விலைபோனது. விக்கனீர் என்பது பிகானேரின் திரிபு. தொடக்கத்தில் இடத்தைச் சுட்டிய இத்தகைய சொற்கள் நாளடைவில் வெண்மை, நீளம், பளபளப்பு ஆகியவற்றைச் சுட்டும் தரப்பெயர்களாயின. அதே காலத்தில் கான்பூரில் 1876இலும் பஞ்சாபின் தாரிவாலில் 1880இலும் பெரும் கம்பளி ஆலைகள் எழுந்தன. ஆலைக்கு வேண்டியது ஒரே சீரான சரக்கு. நூறு மந்தைகளின் உரோமம் ஒரே மூட்டையில் கலந்தால்தான் அந்தச் சீர்மை கிட்டும்.

பொருள்மாற்றம் என மொழியியலார் அழைக்கும் நிகழ்வுக்குக் கம்பளி வணிகம் தரும் மிகத் தெளிவான சான்று காஷ்மீர் என்னும் பெயர். ஆங்கில வணிக வழக்கில் 'காஷ்மீர்' ஒரு நிலத்தின் பெயராக இல்லாமல் ஓர் ஆட்டு இழையின் பெயராயிற்று. இன்று அந்த இழையை மிகுதியாக உற்பத்தி செய்யும் நாடு சீனா. பெயர் உலகெங்கும் பரவியது, பெயர் தந்த நிலமோ அப்பெயரின்மீது உரிமை இழந்தது. 2008இல் காஷ்மீர் பஷ்மினாவுக்குப் புவிசார் குறியீடு பெறப்பட்டது அந்த இழப்புக்கு மிகத் தாமதமாகக் கிடைத்த ஈடு. பஷ்மினா வெள்ளாட்டு இழை, விலை உயர்ந்தது, அதற்காக வழக்காடவும் ஆய்வகம் அமைக்கவும் ஆள் இருந்தது. செம்மறிக் கம்பளிக்கு அப்படி ஒருவரும் இல்லை.

மாறாக, செம்மறியிடம் வேறொரு கேள்வி கேட்கப்பட்டது: நீ ஏன் மெரினோவாக இல்லை? மெரினோ இழையின் தடிமன் ஏறத்தாழ 17 முதல் 24 மைக்ரான் வரை. தக்காணி இழை 30 மைக்ரானை எளிதாகத் தாண்டும். அதில் நடுவே உள்ளீடற்ற இழைகளும் மிகுதி. இந்த ஓர் அளவுகோல் இனவிருத்திக் கொள்கையை நெடுங்காலம் ஆண்டது. ஹிசார் அரசுப் பண்ணையில் ஆஸ்திரேலிய மெரினோ கிடாக்களையும் பிகானேர்ப் பகுதிப் பெண் ஆடுகளையும் கலந்து ஹிசார்டேல் இனம் உருவாக்கப்பட்டது. நீலகிரியிலும் இவ்வாறே, கோயம்புத்தூர்ச் செம்மறியோடு மெரினோவும் பிற அயல் இனங்களும் கலந்து நீலகிரிச் செம்மறி உருவாயிற்று. விடுதலைக்குப் பின் 1962இல் ராஜஸ்தானின் அவிகாநகரில் மத்தியச் செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. பாரத் மெரினோ முதலிய கலப்பினங்கள் அங்கே உருவாயின. குளிர்ந்த மலைநிலங்களில் இம்முயற்சிகள் பலன் தந்தன. பஞ்சத்தையும் வெயிலையும் தாங்கி, நாளெல்லாம் நடந்து மேயவேண்டிய மந்தைகளுக்கு மெல்லிய இழையைவிட உறுதியான உடலே தேவைப்பட்டது.

கம்பளி விலைபோகாத இடங்களில் மேய்ப்பர் இறைச்சியின் பக்கம் திரும்பினர். தெலங்கானாவில் தக்காணியின் இடத்தை, கம்பளி தராத நெல்லூர் இனம் பெரிதும் பிடித்துக்கொண்டது. நாடு முழுவதற்குமான எண்கள் இந்த மாற்றத்தைக் காட்டுகின்றன. 2012 கணக்கெடுப்பில் 6.5 கோடியாக இருந்த செம்மறிகள் 2019இல் 7.4 கோடியாயின. அதற்கு இணையான காலத்தில், 2012-13இல் ஏறத்தாழ 4.6 கோடி கிலோவாக இருந்த கம்பளி உற்பத்தி 2019-20இல் 3.7 கோடியாகக் குறைந்தது; 2022-23இல் 3.4 கோடிக்கும் கீழிறங்கியது. ஆடு பெருகியும் கம்பளி சுருங்கியது. பல ஊர்களில் கத்தரிப்புக் கூலிக்கே உரோமத்தின் விலை ஈடாவதில்லை. வெட்டிய உரோமம் காட்டிலேயே விடப்படுகிறது.

இந்த நிலையில் பின்னலாடை நுழைவது வியப்பாகத் தோன்றலாம். இந்தியில் 'புன்னா' என்னும் ஒரே வினை நெய்தலையும் பின்னுதலையும் குறிக்கும். தமிழ் இரண்டையும் பிரித்தே சொல்கிறது. கம்பளியைப் பொறுத்தவரை தமிழின் பிரிவினையே உண்மைக்கு நெருக்கமானது. நெய்த கம்பளியில் பாவும் ஊடும் இறுகப் பிணைந்து, முரட்டு இழையை வலிமையாக மாற்றிவிடுகின்றன. பின்னலோ வளையங்களின் தொடர். அது நெகிழ வேண்டும், உடலோடு ஒட்ட வேண்டும். 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழைமுனைகள் தோலைக் குத்தும். ஆகவேதான் இந்தியப் பின்னலாடையின் தலைநகரான லூதியானா ஆஸ்திரேலியக் கம்பளியையும் அக்ரிலிக்கையும் நம்பி வளர்ந்தது; பிகானேர்ச் சந்தையின் கம்பளி தரைவிரிப்புகளுக்குச் சென்றது. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய வணிக ஒப்பந்தம் அக்கம்பளிக்கான இறக்குமதித் தீர்வையையும் நீக்கிவிட்டது.

எனினும் எல்லா நாட்டுக் கம்பளியும் ஒன்றன்று. ராஜஸ்தானின் சோக்ளா இனத்து இழை சராசரியில் 30 மைக்ரானுக்குள் அடங்குவது. இமயமலைக் கம்பளி கைப்பின்னலுக்கு ஏற்கெனவே பழகியது. தக்காணியிலும்கூட முதல் கத்தரிப்பில் கிடைக்கும் குட்டி உரோமம் மென்மையானது. எஞ்சிய முரட்டு இழை மேலாடைக்கு உதவும். சாயம் ஏற்காது என்று ஆலை ஒதுக்கிய கருப்பும் பழுப்பும் சாம்பலும், சாயமே தேவைப்படாத நிறங்கள். முரட்டு உள்ளூர்க் கம்பளியாலும் பெயர்பெற்ற பின்னலாடை உருவாக முடியும் என்பதற்கு ஐஸ்லாந்தின் லோபபேசா சான்று. அந்நாட்டுக் கம்பளியில் அந்நாட்டிலேயே கையால் பின்னியதற்கே அப்பெயர் உரியது என 2020இல் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது.

தடை இழையில் மட்டும் இல்லை, அளவிலும் இருக்கிறது. பெரிய நூற்பாலைக்குச் சிறு குவியல் ஒரு தொல்லை. ஒரு மந்தையின் உரோமத்தைத் தனியே தரம்பிரித்து, கழுவி, சிக்கெடுத்து, நூற்க வேண்டுமானால் சிறு கருவிகள் மேய்ச்சல் நிலத்துக்கு அருகே இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மூட்டை கலவாமல் இருப்பதற்கு யாரோ கூலி பெற வேண்டும். தடமறிதல் என்பது முதலில் இந்தக் கூலிக் கணக்கு. சீட்டில் அச்சிடும் வாசகம் அதற்குப் பின் வருவது.

ஜோரியாவும் விக்கனீரும் காஷ்மீரும் விட்டுச்சென்ற எச்சரிக்கை இங்கேதான் பொருந்துகிறது. 'நாட்டுக் கம்பளி' என்னும் தொடரும் நாளை ஒரு வணிகத் தரப்பெயராகச் சுருங்கலாம். எந்த நாட்டு இழையையும் பழுப்பு நிறத்தில் நூற்று அப்பெயரால் விற்றுவிடலாம். அதைத் தடுக்க இனம், ஊர், கத்தரித்த பருவம் ஆகிய மூன்றோடு நான்காவதாக ஒன்றும் பதிவாக வேண்டும்: ஒரு கிலோ உரோமத்துக்கு மேய்ப்பர் பெற்ற விலை. அந்த எண் கத்தரிப்புக் கூலியைத் தாண்டும் நாளில்தான் உரோமம் காட்டில் கிடக்காமல் மூட்டைக்குள் போகும். அந்த ஆட்டினமும் தன் நிலத்தில் நிலைக்கும்.