வீட்டு கம்ப்யூட்டரில் மெயில் சர்வர்... திடீர்னு நின்னுடுச்சா? முதல்ல இதை செக் பண்ணுங்க!

வீட்டு கம்ப்யூட்டரிலேயே சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய தலைவலி, திடீரென மெயில் நின்றுபோவதுதான். உடனே எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா இன்ஸ்டால் பண்ணாதீங்க. பழைய மெயில்களும் சேர்ந்து போய்விடும். உங்கள் சர்வர் படுத்துவிட்டாலும், அனுப்பியவரின் சர்வர் பொதுவாக 4, 5 நாட்கள் வரை மீண்டும் மீண்டும் முயற்சிக்கும். அதனால் நிதானமாகச் சரிசெய்ய நேரம் இருக்கு.

மெயில் போகலையா?

முதலில் சர்வரின் மெயில் லாக்கைப் பாருங்க. எரர் கோட் 4-ல் தொடங்கினால் தற்காலிகப் பிரச்னை. 5-ல் தொடங்கினால் மெயில் நிராகரிக்கப்பட்டுவிட்டது. 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்' என்று இருந்தால், போர்ட் 25 முடக்கப்பட்டிருக்கலாம். ஸ்பேமைத் தடுக்க பல இன்டர்நெட் நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் இப்படிச் செய்கின்றன. போர்ட் 587 வழியாக ரிலே சேவை மூலம் அனுப்புவதே தீர்வு.

மெயில் வரலையா?

உங்கள் ஐபி முகவரி மாறியிருந்தால், டொமைனின் டிஎன்எஸ் பதிவிலும் மாற்றணும். ரவுட்டர் காட்டும் ஐபி 100.64 முதல் 100.127-க்குள் தொடங்கினால், ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்கின்றன என்று அர்த்தம். போர்ட் ஃபார்வேர்டிங் செய்தும் பலன் இருக்காது. தனி பொது ஐபி கேட்டு வாங்கணும்.

ஸ்பேமில் விழுதா?

2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு அனுப்ப எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் பதிவு அவசியம். ஐபிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் பதிவும் வேண்டும். அதை ஐபி தரும் நிறுவனம்தான் அமைத்துத் தர முடியும்.

இதை மட்டும் செய்யாதீங்க!

எப்படியாவது மெயில் போனால் போதும் என்று, யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என சர்வரைத் திறந்துவிடாதீங்க. ஸ்பேம் கும்பல் அதைக் கண்டுபிடித்துவிட்டால், உங்கள் ஐபி பிளாக்லிஸ்ட்டில் ஏறிவிடும்.