மாற்றும் நிறையும்: கொல்கத்தாப் பொன்வணிகத்தில் பழநகை விலை

முன்னுரை

பழைய பொன்னணியை விற்பவர் பெறும் தொகை நிகர நிறை, மாற்று, அன்றைய சந்தை விலை என்னும் மூன்று கூறுகளால் அமைகிறது. இவற்றுள் சந்தை விலை நாளிதழ் வழி யாவரும் அறிவது. ஏனைய இரண்டும் கடைக்குள் முடிவு செய்யப்படுவன. விற்பவர்க்கு இழப்பு நேரும் இடமும் இவ்விரண்டேயாகும். இவற்றை அளந்து கூறும் உரிமை யாரிடம் இருந்தது என்பதைத் தமிழ்ச் சான்றுகளையும் கொல்கத்தா நகர வரலாற்றையும் இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழ்ச் சான்றுகள்

சிலப்பதிகார ஊர்காண் காதை மதுரைப் பொன்கடை வீதியைக் காட்டுகிறது. சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் ஆகிய நால்வகைப் பொன்னையும் பகுத்தறிய வல்லோர், வந்தவர் மயங்காதிருக்கக் கொடியெடுத்து இடம் சுட்டினர். இத்தகைய ஒழுங்கு கோவலனுக்குப் பயன்படவில்லை. சிலம்பை மதிப்பிடுமாறு அவன் வேண்டியது, தன் களவை மறைக்க வாய்ப்பு நோக்கியிருந்த பொற்கொல்லனிடமே. மதிப்பிடுவோன் தன்னலம் உடையவனாயின் விற்போன் நிலை என்னாகும் என்பதற்கு இலக்கியம் தரும் முதன்மைச் சான்று இதுவாகும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் மாற்று வழியைக் காட்டுகின்றன. முதலாம் இராசராசன் காலத்துக் கொடைப்பொன் ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய கல்லால் நிறுக்கப்பட்டது. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனக் கணக்கு நுணுகிச் செல்கிறது. அரக்கு, சரடு முதலியவற்றுள் எவை நிறையில் சேர்ந்தன, எவை நீக்கப்பட்டன என்பதும் பிரித்துரைக்கப்படுகிறது. நிகர நிறை என்னும் கருத்து அன்றே எழுத்தில் பதிவாகியுள்ளமை குறிப்பிடத்தக்கது.

கல்கத்தா நாணயச்சாலை

கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சியில் கல்கத்தா நாணயச்சாலை உலோக ஆய்வின் நடுவமாக விளங்கியது. 1832இல் அதன் ஆய்வுத் தலைவரானவர் ஜேம்ஸ் பிரின்செப். ஒரு கிரெயினின் ஆயிரத்தில் மூன்று பங்கையும் காட்டவல்ல தராசை அமைத்தவர் இவர். 1837இல் அசோகரின் பிராமி எழுத்தைப் படித்தறிந்தவரும் இவரே. தமிழ்க் குகைக் கல்வெட்டுகளின் வாசிப்பு அப்பணியின்மேல் எழுந்தமையால், தமிழாய்வுலகிற்கும் இந்நாணயச்சாலைக்கும் தொடர்புண்டு எனலாம்.

1833இல் தோலா 180 கிரெயின் என வரையறுக்கப்பட்டது. அதுவே 11.664 கிராம். வங்காளப் பொன்வணிகர் ‘பரி’ என வழங்குவதும் இந்நிறையே. ஒரு பரி 16 ஆனா. ஓர் ஆனா 6 ரத்தி. தமிழர் வழங்கும் பவுன் 8 கிராம். ஏரிச் சந்தைப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர் பௌபஜார் கடைகளுக்குச் செல்கையில், தம் பவுன் கணக்கைப் பரிக் கணக்காக மாற்ற நேர்கிறது. ஒரு பரி ஏறத்தாழ 1.46 பவுன்.

கழிவும் கணக்கும்

உரைகல்லை வங்காளியர் ‘கஷ்டிபாதர்’ என்பர். கலப்பைக் ‘காத்’ என்றும், பற்றாசு இருப்பதால் உருக்கும்போது குறையும் நிறையைப் ‘பான்மரா’ என்றும் குறிப்பர். உரைகல் மேற்பரப்பின் மாற்றையே காட்டும்; உள்ளீட்டைக் காட்டாது. நகை முழுவதையும் உருக்கி மாற்றுக் காணின் பற்றாசும் அதனுள் அடங்கிவிடும். அதன்பின்னும் பற்றாசுக்கெனத் தனியே கழிப்பது ஒரே குறையை இருமுறை கழிப்பதாகும்.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். 3 பவுன் நகை 24 கிராம். கல்லும் அரக்கும் 2 கிராம் எனின் நிகர நிறை 22 கிராம். 22 காரட் எனக் கொண்டால் தூய பொன் 20.15 கிராம். அதையே 20 காரட் என மதிப்பிட்டால் 18.33 கிராம். மாற்றைக் குறைத்துரைக்கும் ஒரு சொல்லால் விற்பவர் 1.8 கிராம் பொன்னை இழக்கிறார்.

இந்தியத் தரநிலைப் பணியகம் பொன்னணிகளுக்குரிய தரமுத்திரைத் திட்டத்தை 2000இல் தொடங்கியது. 2021 சூன் 16 முதல் அது படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறிலக்க அடையாளக் குறியுடனேயே கடைகள் விற்க வேண்டும் என்பது விதி. முத்திரையற்ற பழநகையை வீட்டார் விற்கத் தடையில்லை. அவர்களும் ஏற்பு பெற்ற ஆய்வு மையத்தில் நகையைச் சோதித்துச் சான்று பெறலாம். நான்கு நகைகள் வரை இதற்கான கட்டணம் 200 ரூபாய் என 2022இல் அறிவிக்கப்பட்டது.

முடிவுரை

வாங்குபவரே அளப்பவராகவும் இருக்கும்போது விற்பவர்க்கு நேர்மையான விலை கிட்டுவது அரிது. கோயிற் கல்லும் நாணயச்சாலைத் தராசும் இன்றைய ஆய்வு மையமும் அளவையை வாங்குபவர் கையினின்று பிரித்தன என்பது இவ்வாய்வால் புலனாகிறது. ஆகவே நிகர நிறையையும் மாற்றையும் முன்னரே எழுத்தில் பெற்று, அதன்பின் கடையேறுவதே விற்பவர்க்குக் காப்பாகும். கோவலனுக்கு வாய்க்காத அக்காப்பு இன்று எளிய குடும்பத்தினர்க்கும் எட்டும் நிலையில் உள்ளது.