ஏறுபலகையின் கதை: சர்க்கஸ் வண்டியிலிருந்து கொங்கண் ரயில் வரை

வணிகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கப்பலைப் பற்றி எழுதுகிறார்கள், பெருவழிகளைப் பற்றி எழுதுகிறார்கள், சுங்கத்தைப் பற்றியும் எழுதுகிறார்கள். ஆனால் தரையில் கிடந்த சரக்கு வண்டிக்கு மேலே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று எழுதியவர்கள் அபூர்வம். மும்பையில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு அது தினசரி சமாச்சாரம். டெம்போவின் பின்கதவைத் திறந்து, இரண்டு பலகையைச் சாய்த்துப் போட்டு, எண்ணெய் டிரம்மை உருட்டி ஏத்துகிறோம். இந்தப் பலகைக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

முதலில் கணக்கு. வண்டியின் தளம் தரையிலிருந்து 2 அடி உயரம், பலகை 8 அடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 கிலோ டிரம்மை நேராகத் தூக்கினால் 200 கிலோவும் கைக்கு வரும். பலகையில் உருட்டினால் ஏறக்குறைய 50 கிலோ தள்ளினால் போதும். 12 அடிப் பலகை என்றால் 33 கிலோதான். பாரம் குறைவதில்லை, நடக்கிற தூரம் கூடுகிறது, அவ்வளவுதான். இதை 1586இல் நெதர்லாந்து பக்கத்து சைமன் ஸ்டெவின் கணித முறையில் நிறுவினார். அதற்கு முன்னால் கல் இழுத்தவனுக்கும் மரம் உருட்டியவனுக்கும் இது தெரியாமலா இருந்தது?

பலகை நீளமானால் மட்டும் போதாது. இரண்டு சக்கரச் சிறு டிரெய்லரில் பாரம் பின் விளிம்பில் ஏறும்போது, அச்சுக்குப் பின்னால் எடை கூடி, முன்பக்கம் கழுகுமரம் போல எழும்பும். பின்பக்கத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் ஏத்தக்கூடாது. பலகையின் தலை தளத்தில் கொக்கி போட்டு நிற்க வேண்டும். சும்மா சாத்தி வைத்த பலகை, சக்கரம் ஏறின உடனே பின்னுக்குச் சறுக்கும். இப்படிச் சறுக்கிக் கால் முறிந்த சுமைக்காரர்களை என் வியாபார வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். ஏற்றுக்கூலியில் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிற நாம், ஒரு ஜோடி இரும்புக் கொக்கிக்குச் செலவு செய்ய யோசிக்கிறோம். அது நல்ல வியாபாரமும் அல்ல.

இந்த எளிய பலகையை ஒரு பெரிய ஏற்பாடாக மாற்றியது, யாரும் எதிர்பாராத ஒரு தொழில்: சர்க்கஸ். அமெரிக்காவில் பி.டி. பார்னம் பெயரில் 1871இல் தொடங்கிய சர்க்கஸ் மறு வருஷமே, 1872இல், ரயிலேறியது. ரயிலில் போன முதல் சர்க்கஸ் இதுவல்ல. 1856லேயே வேறொரு குழு போயிருக்கிறது. ஆனால் கூடார வண்டிகளை அப்படியே சக்கரத்தோடு திறந்த தட்டு ரயில் பெட்டிகளில் ஏற்றும் முறையை வகுத்தவர் பார்னமின் கூட்டாளி வில்லியம் கேமரன் கூப். பெயர் பார்னமுக்கு, வேலை கூப்புக்கு. உலகத்தில் இது நடப்பதுதானே!

அவர் செய்தது இதுதான். ரயிலின் ஒரு கோடியில் மட்டும் சாய்தளம் வைத்தார். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் இரும்புத் தகடு போட்டார். முதல் வண்டி சாய்தளத்தில் ஏறி, எல்லாப் பெட்டிகளையும் கடந்து, கோடிக்குப் போய் நிற்கும். அதன் பின்னால் அடுத்தது. கயிறு கட்டிக் குதிரைகள் இழுக்கும். வண்டியின் முன்கட்டையைப் பிடித்து ஒருவர் திசை திருப்புவார். அவர் வேலைதான் ஆபத்தானது, கட்டை திமிறினால் ஆளையே அடித்துவிடும். இறக்கும்போது கயிற்றை ஒரு கம்பத்தில் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். ரயில் கம்பெனி கொடுத்த பெட்டிகள் ஒரே அளவில் இல்லாததால், பிறகு சொந்தமாகவே பெட்டி செய்துகொண்டார்கள். 1900 வாக்கில் அமெரிக்க சர்க்கஸ் ஜெர்மனிக்குப் போனபோது, ராணுவ அதிகாரிகள் இந்த ஏற்றுமுறையைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள் என்று சர்க்கஸ் வரலாறுகள் சொல்கின்றன. 1950களில் லாரி டிரெய்லர்களை ரயிலில் ஏற்றத் தொடங்கியபோதும் அமெரிக்க ரயில்காரர்கள் அதே வழியைப் பின்பற்றி, அதற்கு 'சர்க்கஸ் ஏற்றம்' என்றே பெயர் வைத்தார்கள். பின்னால் கிரேன் வந்து அதை ஓரங்கட்டியது. அந்த வழியில் வந்த ரிங்லிங் சர்க்கஸின் ரயிலும் 2017 மே மாதத்தோடு நின்றுபோனது.

நம் பக்கத்தில் அது நிற்கவில்லை. கொங்கண் ரயில் முழுப் பாதையும் 1998 ஜனவரி 26இல் திறக்கப்பட்டது. சரியாக ஒரு வருஷம் கழித்து, 1999 ஜனவரி 26இல், கோலாடுக்கும் கோவாவின் வெர்னாவுக்கும் இடையில் லாரிகளை ஏற்றிச் செல்லும் ரோரோ சேவை ஆரம்பமானது. கோடியில் சாய்தளம், நடுவில் தகடு, வரிசையாக ஏறும் வண்டி: கூப்பின் ஏற்பாடேதான். குதிரைக்குப் பதில் லாரியே தானாக ஏறுகிறது. டிரைவரும் கிளீனரும் லாரியிலேயே இருப்பார்கள். மலைப்பாதை வளைவுகளும் டீசல் செலவும் மிச்சம். பிற்பாடு இது சூரத்கல் வரை நீண்டது. 2025 ஆகஸ்டில் விநாயக சதுர்த்திக்கு ஊர் போகிறவர்களுக்காகக் கார்களையும் ஏற்றத் தொடங்கினார்கள்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு, அது 1872லிருந்தே உள்ளது. நடுவில் நிற்கும் வண்டி, முன்னால் இருப்பவை இறங்கும்வரை அசைய முடியாது. அவசரச் சரக்கு ஏற்றுகிற நம் வியாபாரிகள், வரிசையில் முன்னால் போகும் இடத்துக்காக டிரைவரை விடியற்காலையிலேயே அனுப்பி வைப்பது இதனால்தான்.