எண்ணெய்க் குதங்களும் ஒரு சைக்கிளும்

1942 ஏப்ரல் 9 காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அவற்றில் ஒன்று சீனன்குடா எண்ணெய்க் குதமொன்றின் மீது வீழ்ந்தது. குதம் நாட்கணக்கில் எரிந்தது. கப்பல்களின் கதையை விரிவாக எழுதிய போர் வரலாறுகள், அக்கரும்புகையைச் சுவாசித்த ஊரவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

எஞ்சிய 99 குதங்களையும் 2022 ஜனவரியில் இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்டன: இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, கூட்டு நிறுவனத்துக்கு 61. அவ்வாண்டின் நடுப்பகுதியில் நாட்டில் பெற்றோல் இல்லை. இத்தனை குதங்களை வைத்துக்கொண்டு சைக்கிளுக்குத் திரும்பிய ஊர் எங்களுடையது!

டிசெம்பரில் மாண்டஸ் புயல் நெருங்கியபோது, இந்தியப் பக்கமிருந்து வந்த மாசு நாட்டின் வளியைக் கெடுத்தது. 9ஆம் திகதி அரச பாடசாலைகள் மூடப்பட்டன. கொரோனாவுக்கு வாங்கிய துணிக்கவசத்தை மாட்டிக்கொண்டு உட்துறைமுக வீதியில் நானும் மிதித்தேன். மூச்சு வாங்கியதுதான் மிச்சம். 2.5 மைக்ரோனிலும் சிறிய துகளைத் துணி பெரிதாகத் தடுக்காது. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 தடுக்கும். சைக்கிள் மிதிப்பவனோ நடப்பவனைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறான். அன்று இரண்டு மருந்துக் கடைகளில் என்95 கேட்டேன். இரண்டிலும் இருக்கவில்லை.